கால் கிலோ ஓமம்

மலையகத்து மருந்துப் பெட்டி – 9

சென்ற இதழை கொய்னா தரும் ஹக்கலைத் தோட்டத்துச் சிங்கோனாப் பட்டையோடு நிறுத்தியிருந்தோம். 1861இல் நுவரெலியாவுக்குப் பக்கத்தில் அந்த மரத்துக்கென்றே ஒரு தோட்டம் போட்டார்கள். கோப்பி நோயில் விழுந்த துரைமார் 1880களில் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்கள். பட்டை சந்தையில் குவிந்ததும் விலை சரிந்து, தேயிலையே கதி என்றானது. சிங்கோனாவுக்குத் தனித் தோட்டம், தனி அதிகாரி, தனிக் கடிதப் போக்குவரத்து எல்லாம் இருந்தன. இந்த இதழில் வரும் மருந்துக்கு அப்படி எந்த மரியாதையும் கிடைக்கவில்லை. லயத்துக் காம்பராவில், சீரகத்துக்கும் மிளகுக்கும் பக்கத்தில், ஒரு சின்ன டப்பாவில் கிடந்தது. அதுதான் ஓமம்.

ஓமம் வெயில் நிலத்துப் பயிர். நானுஓயாக் குளிரில் அது விளையாது. ஊரில் இருந்து வருகிறவர்கள் முடிந்து கொண்டுவருவார்கள். இல்லையென்றால் கடையில் வாங்குவார்கள். பிள்ளைக்கு வயிறு உப்பினால் ஓமத் தண்ணீர். பிள்ளை பெற்றவளுக்கு அரைக்கும் காயத்தில் கொஞ்சம் ஓமம். சளி பிடித்தால் வாசல் ஓரத்துத் தகரத்தில் வளரும் கற்பூரவள்ளியில் இரண்டு இலை. அதற்கும் ஏறக்குறைய அதே வாசம். வாசம் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஓமத்தில் இருப்பது தைமால். கற்பூரவள்ளியில் தைமாலும் அதன் உடன்பிறப்பான கார்வக்ராலும் உண்டு. இரண்டிலும் அணுக்களின் கணக்கு ஒன்றே, அவை அமர்ந்திருக்கும் இடம்தான் வேறு.

ஓமம் வயிற்றுப் பூச்சியைக் கொல்லும் என்று கைவைத்தியத்தில் சொல்வதுண்டு. ஒரு சிட்டிகை ஓமத்தால் அது நடக்காது. ஆனால் ஓமத்துக்குள் இருக்கும் தைமாலைப் பிரித்தெடுத்து, போதுமான அளவு கொடுத்தால் நடக்கும். முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் இந்த மலைகளில் இருந்த மிகப் பெரிய நோய்களில் ஒன்றுக்கு அதுதான் மருந்தாக இருந்தது. சிட்டிகைக்கும் மருந்து அளவுக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் இந்த அத்தியாயத்தில் கடக்கப் போகிறோம். அந்தத் தூரம் லைப்சிக் வரை போகிறது.

முதலில் நோய்.

நானுஓயா வரை ரயில் வந்தது 1885இல். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,600 மீட்டர் உயரம். 1903இல் அங்கிருந்து நுவரெலியாவுக்கும், அடுத்த ஆண்டு கந்தப்பளை வழியாக ராகலைக்கும் சின்ன ரயில் ஓடத் தொடங்கியது. மேல் தோட்டங்களுக்குப் போகும் அரிசியும் கருவாடும் கம்பளியும் மருந்துப் பெட்டியும் நானுஓயாவில் இறங்கி மாற வேண்டும். ஆட்களும் அப்படித்தான். 1911 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று எழுதப்பட்டவர்கள் ஐந்து லட்சத்துக்கு மேல். 1914 மார்ச்சில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கியது. அதற்கு முந்தைய தலைமுறைகளில் எத்தனையோ பேர் மன்னார்க் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தே வந்து, வழியிலேயே செத்தார்கள். அந்தக் கதையை ஐந்தாம் இதழில் பார்த்துவிட்டோம்.

வந்தவர்களில் பெரும்பாலோர் குடலுக்குள் ஒரு புழுவையும் சுமந்து வந்தார்கள். கொக்கிப்புழு. ஒரு சென்டிமீட்டர் நீளம், நூல் கனம். குடல் சுவரைக் கடித்துத் தொங்கிக்கொண்டு இரத்தம் குடிக்கும். ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது சில துளிகூட இல்லை. நூறு, இருநூறு என்று சேரும்போதுதான் வெளுப்பு தொடங்கும். முகம் வெளிறும், கால் வீங்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும், சிலருக்கு மண் தின்னும் ஆசை வரும். பிள்ளைத்தாய்ச்சிக்கு வந்தால் தாயும் பிள்ளையும் சேர்ந்தே போகக்கூடும்.

இதன் சுற்று எளிமையானது, அதனாலேயே பயங்கரமானது. முட்டை மலத்தோடு வெளியே வரும். ஈரமும் நிழலும் இளஞ்சூடும் உள்ள மண்ணில் பொரிந்து நுண்புழுவாகும். வெறுங்காலோடு ஒருவர் மிதித்தால் விரலிடுக்கு வழியே உள்ளே போகும். சேற்றுப்புண் என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி இந்தப் புழு நுழைந்த வாசல்தான். அங்கிருந்து இரத்தத்தில் ஏறி, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டுக் குடலைச் சேரும். தோல் வழியாக நுழைகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் கெய்ரோவில் இருந்த ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர். நுண்புழுக்கள் இருந்த தண்ணீர் தற்செயலாகக் கையில் சிந்தியது, அரிப்பு எடுத்தது, பிறகு தன் மலத்திலேயே முட்டைகளைப் பார்த்தார். 1898இல் அதை வெளியிட்டார். அதுவரை எல்லோரும் அழுக்குத் தண்ணீரையும் சோற்றையும்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

தோட்டத்தைப் பாருங்கள். வரிசை லயம். கக்கூஸ் கிடையாது, பின்னால் உள்ள தேயிலை மலையே கக்கூஸ். அதே மலையில் காலையில் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் வெறுங்கால். ஆண்டில் பாதி நாள் மழை. புழுவுக்கென்றே யாரோ திட்டம் போட்டுக் கட்டிய ஊர் மாதிரி.

நானுஓயா, கந்தப்பளை உயரத்தில் குளிர் ஓரளவு காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். குளிர் மண்ணில் முட்டை மெதுவாகப் பொரியும், பல பொரிவதே இல்லை. மாத்தளை, கேகாலை போன்ற தாழ்ந்த மலைகளில்தான் புழு கொழுத்தது. ஆனால் ஆட்கள் ஓரிடத்தில் இருந்தவர்கள் அல்ல. கங்காணியோடு தோட்டம் மாறினார்கள், ஊருக்குப் போனார்கள், திரும்பினார்கள். குடலுக்குள் இருக்கும் புழுவுக்கு வெளிக்குளிர் தெரியாது. அங்கே அது வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

இந்த வெளுத்த மனிதர்களுக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கிடைத்த பட்டம் சோம்பேறி. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் இதே கதை. பருத்திக்காட்டு ஏழைகளைச் சோம்பேறிகள் என்று சொல்லிக்கொண்டிருந்த பத்திரிகைகள், 1902இல் சார்லஸ் ஸ்டைல்ஸ் அங்கே கொக்கிப்புழுவைக் காட்டியதும் அதற்குச் சோம்பல் கிருமி என்று பேர் வைத்தன. இரத்தம் இல்லாதவனைச் சோம்பேறி என்பது எல்லா முதலாளிகளுக்கும் பொதுவான வழக்கம் போலிருக்கிறது.

இனி மருந்துக்கு வருவோம்.

இந்தப் புழுவை 1838இல் மிலான் நகரில் ஒரு பெண்ணின் சவத்தை அறுத்தபோது முதலில் பார்த்தவர் ஆஞ்சலோ துபினி. அதன் கொடுமை உலகுக்குத் தெரிந்தது ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த செயின்ட் கோத்தார்ட் சுரங்கத்தில். 1880 வாக்கில் அங்கே வேலை செய்த இத்தாலியத் தொழிலாளிகள் வெளுத்து வெளுத்துச் செத்தார்கள். சுரங்கத்துக்குள் சூடு, ஈரம், இருட்டு; கழிப்பிடம் இல்லை. தேயிலை மலையில் இருந்த அதே கோளாறு. அந்த நாட்களில் தூரின் நகர மருத்துவர் கமில்லோ பொட்சோலோ இந்த நோய்க்குத் தைமால் கொடுத்துப் பார்த்தார். புழு செத்து வெளியே வந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு உலகம் முழுக்க இதுவே முதல் மருந்து. புவேர்த்தோ ரிக்கோவில் 1899இல் பெய்லி ஆஷ்போர்டு வெளுத்த உழவர்களுக்குக் கொடுத்ததும் இதைத்தான். இலங்கை ஆசுபத்திரிகளிலும் தைமாலும் பீட்டா நாப்தாலும்தான் கைக்கெட்டிய மருந்துகள்.

தைமால் என்ற பெயர் தைம் செடியில் இருந்து வந்தது. ஐரோப்பியர் இறைச்சியிலும் சூப்பிலும் போடும் சிறு இலைச் செடி அது. 1719இல் பெர்லினில் அரண்மனை மருந்தாளர் காஸ்பர் நியூமன் அதன் எண்ணெயில் இருந்து ஒரு படிகத்தைப் பிரித்தார். 1853இல் பிரான்சில் லாலமான் அதன் கூட்டை ஆராய்ந்து பெயர் வைத்தார். அதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஸ்டென்ஹவுசும் பம்பாயில் ஹெயின்சும் நம் ஓம எண்ணெயைச் சோதித்து, அதில் உறையும் படிகமும் இதே பொருள்தான் என்று சொன்னார்கள். தைம் செடியில் இருப்பதைவிட ஓம விதையில் அது பல மடங்கு அதிகம். அதன் பிறகு மருந்துக்காகத் தைம் செடியை யார் தேடுவார்கள்?

நம் ஊர்களில் இந்தப் படிகம் புதிதல்ல. 1874இல் வெளிவந்த ‘பார்மகோகிராபியா’வில் புளூக்கிகரும் ஹான்பரியும், தக்காணத்துக் கடைகளில் அது ‘அஜ்வான் பூ’ என்று விற்பதை எழுதியிருக்கிறார்கள். நாட்டுமருந்துக் கடையில் ஓம உப்பு என்று கேட்டால் இன்றும் கிடைக்கும். புதினா உப்பு, ஓம உப்பு, கற்பூரம் மூன்றையும் ஒரு சீசாவில் போட்டு வைத்தால் தானாகவே தண்ணீராகிவிடும். பல வீடுகளில் தலைவலிக்கு அதுதான். எட்வர்டு வேரிங் 1868இல் தொகுத்த இந்திய மருந்து நூல் ஓம எண்ணெயையும் ஓமத் தண்ணீரையும் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே சென்னை மருத்துவர் முகைதீன் ஷெரீப் அதற்கு ஒரு துணை நூல் எழுதி, கடைத்தெருப் பெயர்களின் குழப்பத்தைத் தீர்த்தார்.

பிரித்தெடுப்பது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

தைமாலைத் தனியாகக் கொதிக்க வைக்க 232 டிகிரி சூடு வேண்டும். அந்தச் சூட்டில் விதை கருகிவிடும். ஆனால் நசுக்கிய ஓமத்துக்குள் நீராவியை விட்டால், நூறு டிகிரிக்குள்ளாகவே எண்ணெய் ஆவியோடு சேர்ந்து கிளம்பிவிடும். ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்கள் சேர்ந்து கொதித்தால், தனித்தனியாகக் கொதிப்பதைவிடக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். இயற்கை நமக்குக் கொடுத்த சலுகை அது. சித்த வைத்தியர்களின் வாலையும் இதே வேலையைத்தான் செய்தது. அடியில் சட்டி, மேலே கலம், உச்சியில் குளிர்ந்த தண்ணீர், பக்கத்தில் மூக்கு. மூக்கு வழியே சொட்டுவது தீநீர். வாலையில் இறக்கிய ஓமத் தீநீர் வாசமாக இருக்கும், வாயுவைக் கலைக்கும்.

புழுவைக் கொல்லுமா? கணக்குப் போடலாம். தைமால் தண்ணீரில் மிகக் கொஞ்சமாகத்தான் கரையும். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம். கொக்கிப்புழுவுக்கு அன்று பெரியவர்களுக்குக் கொடுத்த அளவு ஆங்கில மருந்துக் கணக்கில் 60 கிரெய்ன், அதாவது நாலு கிராம். அதை ஓமத் தீநீராகக் கொடுப்பதென்றால், உச்ச அளவு கரைந்திருந்தாலும் நாலு லிட்டர் குடிக்க வேண்டும்.

விதையாகத் தின்றால்? நல்ல ஓமத்தில் எண்ணெய் நூற்றுக்கு 3 பங்கு. அந்த எண்ணெயில் பாதி தைமால் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 100 கிராம் ஓமத்தில் ஒன்றரை கிராம். நாலு கிராமுக்குக் கால் கிலோவுக்கும் மேல் ஓமம் வேண்டும், அதுவும் ஒரே காலையில். ஒரு சிட்டிகையில் கிடைப்பது சில மில்லிகிராம். ஆயாவின் ஓமத் தண்ணீர் வயிற்று உப்புசத்துக்கு நல்ல மருந்து. கொக்கிப்புழுவுக்கு அது வெறும் வாசனை. ஐந்து லட்சம் பேரையும் பெரியவர்களாகக் கணக்கிட்டு ஒரே ஒரு முறை மருந்து கொடுப்பதென்றால் 130 டன்னுக்கு மேல் ஓமம் வடிக்க வேண்டும். அதற்கு வாலை போதாது. ஆலை வேண்டும்.

ஆலை ஜெர்மனியில் இருந்தது. லைப்சிக் நகரத்து ஷிம்மல் கம்பெனி அன்றைய உலகத்தில் வாசனை எண்ணெய்க்குப் பெயர் போனது. இந்திய ஓமத்தில் பெரும்பகுதி கப்பல் ஏறி ஜெர்மனிக்குப் போனது. அங்கே நீராவியில் வடித்து, எண்ணெயைக் குளிர வைத்தால் தைமாலில் ஒரு பகுதி தானே படிகமாக இறங்கும். மிச்ச எண்ணெயில் காரநீரைக் கலக்குவார்கள். தைமாலுக்கு அமிலத் தன்மை கொஞ்சம் உண்டு, ஆகவே காரத்தில் கரைந்து தண்ணீர்ப் பக்கம் போய்விடும். மற்ற எண்ணெய் மேலே மிதக்கும். அந்தத் தண்ணீரில் அமிலம் ஊற்றினால் தைமால் மறுபடி வெளியே வரும். மிதந்த எண்ணெய் மலிவுச் சோப்புக்கு வாசனையாகப் போனது, வடித்த சக்கை மாட்டுத் தீனியாகப் போனது. எதையும் வீணாக்காத வியாபாரம். நம் விதையில் நாம் பார்க்காத நாலு சரக்கை அவர்கள் பார்த்தார்கள்.

பிறகு அந்த வெள்ளைப் படிகம் சீசாவில் அடைபட்டு, லண்டன் வழியாகக் கொழும்புக்கு வந்து, தோட்டத்து ஆசுபத்திரிக்கு ஏறியது. அங்கே அதை விழுங்கியவர்கள் ஓமம் விளையும் நாட்டில் இருந்து வந்தவர்கள்.

விழுங்குவது சுலபமாக இல்லை. முதல் நாள் சாயங்காலம் கஞ்சி மட்டும், பிறகு பேதியுப்பு. குடல் காலியாக இருந்தால்தான் மருந்து புழுவின் மேல் படும். மறுநாள் வெறும் வயிற்றில், பொடித்த தைமாலை இரண்டு மூன்று பங்காக்கி, ஒரு மணி நேர இடைவெளியில் கொடுப்பார்கள். தொண்டை எரியும், வயிறு எரியும், தலை சுற்றும். கடைசியில் மறுபடி பேதியுப்பு. அதன் பிறகுதான் சாப்பாடு. எண்ணெய், நெய், தேங்காய்ப்பால், சாராயம், கள் எதுவும் கூடாது. தைமால் தண்ணீரில் கரையாமல் குடலிலேயே நிற்பதுதான் நோயாளிக்குப் பாதுகாப்பு. எண்ணெயோ சாராயமோ சேர்ந்தால் கரைந்து இரத்தத்தில் ஏறும். நாடி விழும், சிறுநீர் கறுக்கும், ஆளே போய்விடலாம். ஆமணக்கெண்ணெய்தான் பேதிக்கு என்று வளர்ந்த சனத்துக்கு, இந்த மருந்தோடு மட்டும் ஆமணக்கெண்ணெய் விஷம் என்பதைப் புரிய வைக்க வேண்டும். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே சாராயக் கடையை வைத்துக்கொண்டு, ‘இன்று குடிக்காதே’ என்றும் சொல்ல வேண்டும்.

ஒரு சிட்டிகையில் இல்லாத பலத்தைப் பிரித்தெடுத்துக் கொண்டுவந்தபோது கூடவே ஆபத்தும் வந்தது. ஆயாவின் கைமருந்தில் அளவைத் துல்லியமாகப் பார்க்கத் தேவையில்லை. கொஞ்சம் கூடினாலும் பிள்ளை பிழைக்கும். டிஸ்பென்சர் கையில் இருந்த சீசாவில் அப்படி இல்லை.

இதோடு கூலிப் பிரச்சினையும் உண்டு. மருந்து குடித்த நாளில் மலைக்குப் போக முடியாது. போகாத நாளுக்குப் பேர் விழாது, அதாவது கூலி இல்லை என்பது தோட்டத்து வழக்கம். பூச்சி மருந்து என்றால் ஆட்கள் ஒளிந்துகொண்டார்கள் என்று அக்காலத்து வெள்ளைக்காரர்கள் அறியாமையைப் பழிப்பார்கள். எரிச்சலும் பட்டு, பேரும் இழந்து, பத்து நாளில் அதே மலையில் அதே மண்ணை மிதிக்கப் போகிறவன் ஒளிந்துகொள்வதில் அறியாமை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

1914 ஆகஸ்டில் போர் வந்தது. செப்டம்பர் 22ஆம் தேதி இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் போர் மருந்துக் கடையில் செய்த வேலை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஜெர்மனியோடு வியாபாரம் நின்றது. ஓமம் இந்தியாவில் தேங்கியது, தைமால் ஜெர்மனியில் நின்றது. பிரிட்டிஷ் சாம்ராச்சியத்துக்கு விதை உண்டு, ஆலை இல்லை. விலை பல மடங்கு ஏறியது. பிறகுதான் இந்தியாவிலேயே தைமால் வடிக்கும் முயற்சிகள் தொடங்கின. லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட் மற்றக் குடியேற்ற நாடுகளில் ஓமம் விளையுமா என்று சோதித்தது. நூறு ஆண்டு ஆட்சியில் தோன்றாத யோசனையை ஒரு போர் கொடுத்தது.

இந்த நேரத்தில்தான் ராக்பெல்லர் பணம் இலங்கைக்கு வருகிறது. 1909இல் ஜான் ராக்பெல்லர் அமெரிக்கத் தென் மாநிலங்களில் கொக்கிப்புழுவை ஒழிக்கப் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். 1913இல் அதையே உலகத்துக்கு விரிக்க ஒரு சர்வதேசச் சுகாதார அமைப்பு உருவானது. கிழக்கு நாடுகளுக்குப் பொறுப்பு விக்டர் ஹெய்சர். 1916இல் டாக்டர் ஜான் ஸ்னாட்கிராஸ் தலைமையில் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் வேலை தொடங்கியது. லயம் லயமாகப் போய்த் தகர டப்பாக்களைக் கொடுத்து, மலம் வாங்கி, நுண்ணோக்கியில் முட்டை தேடினார்கள். சோதித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் புழு. இப்படி ஒரு கணக்கு வந்ததும் சோம்பேறிப் பட்டம் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

தைமால் தட்டுப்பாடான அந்தக் காலத்தில் இன்னொரு மருந்து மேலே வந்தது. கெனோபோடியம் எண்ணெய். வேடிக்கை என்னவென்றால், அதுவும் ஒரு சமையல் கீரையில் இருந்துதான். மெக்சிகோக்காரர்கள் எப்பாசோட்டே என்று சொல்லி, கறுப்பு அவரை வேகும்போது இரண்டு கொத்துப் போடுவார்கள். வாயுவுக்காக நாம் பருப்பில் பெருங்காயம் போடும் அதே நோக்கம். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் அந்தச் செடியைப் பயிரிட்டு வடித்தார்கள். அதன் உயிர் அஸ்காரிடோல் என்ற பொருள். தைமால் சாதுவானது, நிதானமாக வடிக்கலாம். அஸ்காரிடோல் முரடு. அதிக நேரம் சூட்டில் இருந்தால் சிதைந்துவிடும், தனியாகச் சூடாக்கினால் வெடிக்கவும் செய்யும். ஆகவே வேகமாக நீராவி விட்டுச் சட்டென்று இறக்கிவிட வேண்டும்.

சுமாத்திராவின் தெலி தோட்டங்களில் டச்சு மருத்துவர்கள் இதைத் தைமாலோடு ஒப்பிட்டுப் பார்த்து நல்ல சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். நாலு கிராம் பொடிக்குப் பதில் சில டஜன் துளி போதும். ஆமணக்கெண்ணெய் இதற்கு எதிரி இல்லை. தோட்டத்து நோக்கில் வசதியான மருந்து. ஆனால் மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவில் தைமாலைவிடக் குறுகிய எல்லை: கொஞ்சம் கூடினால் காது அடைக்கும், தலை சுற்றும், சின்னப் பிள்ளைகள் சிலர் உலகின் பல இடங்களிலும் செத்திருக்கிறார்கள். எண்ணெய் ஒரு பீப்பாய்க்கும் இன்னொரு பீப்பாய்க்கும் வீரியம் மாறும். ஒரே துளிக்கணக்கு ஒரு மாதம் மருந்தாகவும் மறுமாதம் விஷமாகவும் ஆகலாம். இயற்கைப் பொருளைப் பிரித்தெடுக்கும் எல்லாத் தொழிலிலும் இன்றுவரை உள்ள தலைவலி இது. மண், மழை, பறித்த நாள், வடித்த நேரம் எது மாறினாலும் சரக்கு மாறும்.

பின்னாளில் கடல் தாண்டுவதற்கு முன்பே, இலங்கைக்கு வரும் ஆட்களைத் தடுத்து வைத்த மண்டபம் முகாமில் அம்மைப்பாலோடு பூச்சி மருந்தும் கொடுத்து அனுப்பினார்கள்.

செடிகளின் காலம் நீடிக்கவில்லை. 1921இல் அமெரிக்காவில் மாரிஸ் ஹால் கார்பன் டெட்ராகுளோரைடு கொக்கிப்புழுவைக் கொல்லும் என்று காட்டினார். அது மலிவு, தட்டுப்பாடும் இல்லை. இலங்கையிலும் உடனே எடுத்துக்கொண்டார்கள். ஈரலைக் கெடுக்கும் என்பது பிறகு தெரிந்தது. தைமாலையும் ரசாயனச் சாலையில் மெட்டா கிரெசாலில் இருந்து செய்யக் கற்றுக்கொண்டார்கள். ஓமத்தை வடித்துத் தைமால் எடுக்கும் தொழில் படுத்தது. இன்று தைமால் லிஸ்டரின் போன்ற வாய் கொப்பளிக்கும் மருந்திலும், தேன்பெட்டியில் உண்ணிக்கு வைக்கும் மருந்திலும் இருக்கிறது.

இத்தனை வடிப்பும் கணக்கும் கடலும் தாண்டி வந்த மருந்து தோட்டத்தில் என்ன செய்தது? புழுவை வெளியே தள்ளியது, அதில் சந்தேகமில்லை. வெளுத்தவர்கள் சில வாரத்தில் தெளிந்தார்கள், வேலை கூடியது, துரைமாருக்கும் சந்தோஷம். ஆனால் தள்ளப்பட்ட புழுவின் முட்டை ஏற்கெனவே மலையில் கிடந்தது. ராக்பெல்லர் அதிகாரிகள் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: கக்கூஸ் கட்டாமல் மருந்து கொடுத்துப் பயனில்லை. மருந்து என்றால் தோட்டத்துக்கு ஒரு தலைக்கு இவ்வளவு என்று சின்னக் கணக்கு, ஒரே தடவைச் செலவு. கக்கூஸ் என்றால் கல், சுண்ணாம்பு, தண்ணீர், வாசல்கூட்டி, வருஷா வருஷம் பராமரிப்பு. எது வேகமாக நடந்தது, எது இழுபட்டது என்று ஊகிக்க அதிக அறிவு தேவையில்லை. 1872இலேயே தோட்டத் தொழிலாளருக்கான மருத்துவத் தேவைகள் சட்டம் வந்து, 1912இல் அது திருத்தியும் எழுதப்பட்ட நாட்டில் இது.

மருந்தை மட்டும் நம்பிப் போவது பலிக்காது என்று கண்டு, 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். பிள்ளைப்பேறு, கழிப்பிடம், தண்ணீர், தடுப்பூசி எல்லாம் ஒரே அலுவலகத்தின் கீழ். கிராமப்புற இலங்கையின் நல்ல சுகாதாரத்துக்கு அதுதான் வித்து. தோட்டம் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே, துரையின் ஆசுபத்திரியோடு நீண்ட காலம் தனித்து நின்றது.

எவ்வளவு காலம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1992இல் இலங்கைத் தோட்டப்புறம் முழுவதிலும், 3 முதல் 12 வயதுப் பிள்ளைகளையும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களையும் சோதித்தார்கள். மண்ணில் இருந்து பரவும் குடற்புழுக்கள் எல்லாவற்றையும் சேர்த்து, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் புழு இருந்தது. 1994 முதல் 2005 வரை பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். எரிச்சல் இல்லாத, பேர் இழக்க வேண்டாத மாத்திரை. நிறுத்திய நாலாவது ஆண்டில் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தபோது நூற்றுக்கு 29 பேருக்குப் புழு இருந்தது.

அடுத்த இதழில் 1934–35. மலையடிவாரத்தில் ஊர் ஊராகக் காலி செய்த மலேரியா, நானுஓயா உயரத்துக்கு ஏறாமல் நின்றது ஏன்?